காப்பியடி பேராண்டி, கணக்கை மறைக்காத

பரீட்சையில பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதினா பிரம்படி. மீன்கொத்தி மூக்கைப் பார்த்து ரயில் செஞ்சா பட்டமும் பதக்கமும். உலகம் எப்பவும் இப்படித்தான் பேராண்டி, நீ ஒண்ணும் வெக்கப்படாத. ஏதாவது ஒரு மிருகத்தோட உடம்பைப் பார்த்து ஒரு மெஷின் யோசிச்சுட்டு வரச் சொல்லி வெல்லஸ்ஸ கேம்பஸ்ல உன்னை அனுப்பியிருக்காங்கன்னு உங்க அம்மா சொன்னா. லீவுக்கு வந்ததுலருந்து நீயும் லயத்து வாசல்ல குந்திக்கிட்டு போனையே தடவிக்கிட்டிருக்க. மிருகம் போனுக்குள்ளயா இருக்கு?

தேயிலை ஸ்டோர்ல கொழுந்து உருட்டுற ரோலரோட ரோலரா உருண்டவன்டா நான். இன்ஜினியர்மாரை நிறையப் பார்த்திருக்கேன். மெஷின் நின்னா என்னைக் கூப்பிடுவாங்க; ஓட ஆரம்பிச்சா அவங்க கையெழுத்துப் போடுவாங்க. அதனால இந்தக் காப்பியடிக்கிற தொழில்ல உனக்குக் கொஞ்சம் புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு இருக்குன்னு வெச்சுக்க.

உன் போன்ல இருக்கிற ஜப்பான் கதையையே மொதல்ல எடுப்போம். நீ நேத்து அதைச் சொன்னப்ப நான் தூங்கினேன்னு நெனச்ச. தூங்கல, கண்ணைத்தான் மூடினேன். அவங்க புல்லட் ரயில் வேகமா சுரங்கத்துக்குள்ள நுழையறப்போ முன்னாடி இருக்கிற காத்தை அப்படியே நெருக்கித் தள்ளுது. நெருங்கின காத்து அடுத்த வாசல் வழியா வெளிய வர்றப்ப வெடி மாதிரி சத்தம். பக்கத்துல குடியிருந்த சனங்க சும்மா இருப்பாங்களா? மனுப் போட்டாங்க. எய்ஜி நகாட்சுன்னு ஒரு இன்ஜினியர். அந்த மனுஷனுக்குப் பறவை பார்க்கிற பழக்கம். காத்துலருந்து தண்ணிக்குள்ள பாயிற மீன்கொத்தி ஏன் தண்ணியைச் சிதறடிக்கிறதில்லன்னு யோசிச்சாரு. ஊசியாத் தொடங்கி மெதுமெதுவாப் பருத்து வர்ற அலகு. அதே வாகுல 15 மீட்டர் நீளத்துக்கு ரயிலுக்கு மூக்கு வெச்சாங்க. 1997-ல ஓடத் தொடங்கி 300 கிலோமீட்டர் வேகத்துக்குப் போச்சு. கூரை மேல கரண்டு எடுக்கிற கம்பி காத்தைக் கிழிச்சுச் சத்தம் போட்டதுக்கு ஆந்தையோட இறகு ஓரத்துல இருக்கிற சின்னச் சின்னப் பல்லைப் பார்த்து வழி கண்டாங்க. எலி காதுக்கே எட்டாம இறங்குற பறவையாச்சே அது.

கெட்டிக்காரத்தனந்தான், ஒத்துக்கிறேன். ஆனா நம்ம பதுளை ரயிலுக்கும் அந்த மூக்கை வெச்சுப் பார்ப்போமான்னு நீ கேட்ட பாரு, அங்கதான் எனக்கு உண்மையிலயே தூக்கம் வந்துச்சு. கொழும்புக் கோட்டையிலருந்து பதுளைக்குக் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர். ஓடுற நாள்ல ஒம்பது மணி நேரம், மனசிருந்தா பத்து. நம்ம சுரங்கத்துல சத்தம் போடறது ரயிலா? உள்ள இருக்கிற பயலுக! பயலுக வாய்க்கு எந்தப் பறவை அலகைப் பார்த்து மூடி செய்வ? நோய் ஜப்பான்ல இருக்கு, மருந்தை பண்டாரவளையில விக்காத.

நம்ம ரயிலுக்கும் காப்பியடிச்ச கதை ஒண்ணு இருக்குடா. பதுளைக்குப் பாதை வந்து சேர்ந்தது 1924-ல. தெமோதரையில பாதை ஒரு சுத்துச் சுத்தி, ஸ்டேஷனுக்கே அடியில சுரங்கமாப் புகுந்து போகுதில்ல? மலை திடுதிப்புனு உயருது, ரயிலால அவ்வளவு செங்குத்தா ஏற முடியாது. என்ன செய்யிறதுன்னு தலையைப் பிச்சுக்கிட்டிருந்த விமலசுரேந்திர இன்ஜினியர், தோட்டத்துக் கங்காணி ஒருத்தர் தலைப்பாகையை அவுத்துத் திரும்பச் சுத்திக் கட்டுறதைப் பார்த்தாராம், பாதையைச் சுத்திவிட்டாராம். ஊர்ல சொல்ற கதை, கணக்குப் புத்தகத்துல இருக்கான்னு கேட்காத. ஆனா ஒண்ணைக் கவனி. கதையில இன்ஜினியருக்குப் பேரு இருக்கு, ஸ்டேஷனுக்குப் பேரு இருக்கு, தலைப்பாகை கட்டின ஆளு வெறும் "கங்காணி ஒருத்தர்". கற்பனையாவே இருக்கட்டும், கற்பனையிலகூட ஒரு பேரு வெக்க மனசு வரல பாரு.

கங்காணிக்காக நான் ரொம்பவும் அழமாட்டேன். அந்தத் தலைப்பாகைக்குக் கீழ இருந்த வாயைப் பத்தி எங்க அப்பா நிறையச் சொல்லியிருக்காரு. நியாயம் நியாயந்தான், அதுக்காகச் சொல்றேன்.

இந்த இடத்துல எல்லப் பக்கம் இருக்கிற உன் சிநேகிதன் குறுக்க வந்து, "இதையெல்லாம் ராவணன் அப்பவே செஞ்சுட்டான்"னு சொல்லுவான். மயில் உருவத்துல விமானமாம், சிங்களத்துல தண்டு மொனரன்னு சொல்வாங்க. நம்ம நாட்டு ஏர்லைன்ஸ் சின்னமே அதுலருந்து வந்ததுதான். எனக்கு ராவணன் மேல மரியாதை உண்டு. ஆனா பறக்கிறதுக்கு மாதிரி தேடின மனுஷன் கழுகை விட்டுட்டு மயிலை ஏன் புடிச்சான்? மயில் பறக்கிறதை நீ பார்த்திருக்க, தோகையைத் தூக்கிக்கிட்டு ஒரு கிளைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அது படுற பாடு! டிசைன் பாஸ் பண்ணினது மண்டோதரியா இருக்கும்.

சரி, கேலியை விடு. நம்ம ஊவாவுல காப்பியடிச்சதுல பெரிய காப்பி எதுன்னு தெரியுமா? ரோடு. யானைகிட்ட இருந்து.

எமர்சன் டெனன்ட்னு ஒரு வெள்ளைக்கார தொர, இலங்கையில காலனிச் செயலாளரா இருந்தவரு. நம்ம நாட்டு மிருகங்களைப் பத்தி 1861-ல ஒரு புத்தகம் போட்டாரு. பழைய பள்ளிக்கூட மாஸ்டர் எனக்கு வாசிச்சு அர்த்தம் சொல்லியிருக்காரு. யானைக்கூட்டம் மலையில நடந்தா முதுகெலும்பு மாதிரி ஓடுற மேட்டு வரிசையைப் புடிச்சுத்தான் போகும், செங்குத்தான ஏத்தத்தைத் தவிர்க்கும். ஒரு மலையிலருந்து அடுத்த மலைக்குப் பள்ளத்தைக் கடக்கணும்னா, எதிர்ப்பக்கம் கண்ணுக்கே தெரியாத அடர்ந்த காடா இருந்தாலும், ஆத்துல பத்திரமா இறங்கி ஏறக்கூடிய துறை எதுவோ அதுக்கே நேராக் கொண்டுபோய் விடும். அரசாங்கத்து அளவைக்காரங்க இதைக் கவனிக்கத் தவறலன்னும் எழுதியிருக்காரு. அவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கிட்டு ஏறி இறங்குற உடம்பு, ஒரு அடியைக்கூட வீணாக்காது. வளைஞ்சு வளைஞ்சு ஏறுற நம்ம ரோட்டுல பஸ்ஸு கியர் மாத்தி முக்கறப்ப, இந்தச் சரிவை மொதல்ல மிதிச்சுப் பார்த்தது எந்த யானையோன்னு நெனச்சுக்க.

சரி, யானைக்கு என்ன கொடுத்தாங்க? அங்க வா. பதுளை டவுனுக்குப் போனா செயின்ட் மார்க்ஸ் கோயில் இருக்கில்ல, வெள்ளைக்காரங்க கட்டின பழைய கோயில்? அது மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ் நெனவாக் கட்டினது. பதுளையில நிர்வாகமும் நீதியும் பார்த்த மனுஷன். ஓய்வு நேரத்துல யானை சுட்டாரு. எத்தனை? கிட்டத்தட்ட 1,400. வெத்தலை போடற மாதிரி சுட்டிருக்காரு. அந்தக் காலத்துல யானையைக் கொன்னா அரசாங்கமே சன்மானம் கொடுத்துச்சு. கடைசியில 1845-ல அப்புத்தளையில இடி விழுந்து செத்தாரு. யானைங்க கூடி வேண்டிக்கிச்சுன்னு சொல்ற ஆளு நான் இல்ல. அப்புத்தளையில இடி எல்லார் மேலயும் விழும். ஆனா பாரு, பாதை காட்டினவனுக்குக் குண்டு, குண்டு போட்டவனுக்குக் கோயில். உன் பாஷையில இதுக்கு என்னமோ ராயல்ட்டின்னு சொல்வியே, அது இதுதானா?

பிறகு 2010-ல ஜெர்மனியில ஃபெஸ்டோன்னு ஒரு கம்பெனி யானைத் தும்பிக்கையைப் பார்த்து ஒரு மெஷின் கை செஞ்சு அந்த நாட்டு ஜனாதிபதி கையால பரிசு வாங்கிடுச்சு. தும்பிக்கையில ஒரு எலும்புகூடக் கிடையாது, அத்தனையும் சதை. அதனாலதான் மரத்தையும் தூக்கும், வேர்க்கடலையும் பொறுக்கும். இரும்புக் கை வெச்ச மெஷின் பக்கத்துல மனுஷன் நின்னா ஒரே அடியில இடுப்பு போயிடும். இது பிளாஸ்டிக் துருத்தி துருத்தியாக் கோத்து, காத்தை ஊதி வளைக்கிற கை. மேல பட்டா விட்டுக்கொடுக்கும், ஆளைக் காயப்படுத்தாது. நல்ல வேலை, குறை சொல்லமாட்டேன். புத்தலப் பக்கமும் வெல்லவாயப் பக்கமும் யானை இன்னும் ராத்திரியில தோட்டத்துக்குள்ள இறங்குது, மனுஷனும் சாகறான், யானையும் சாகுது. தும்பிக்கைக்குப் பரிசு கொடுத்த உலகம், மிச்ச யானைக்கும் ஒரு வழி யோசிச்சா நல்லது.

நீ என்னமோ பெரிய மிருகமா தேடுற. வேணாம். குனிஞ்சு உன் காலைப் பாரு. கணுக்கால் பக்கம். சாக்ஸுக்கு மேல. கத்தாத, அட்டைதான்.

உன் புரொபசருக்குக் கொண்டுபோக இதைவிட நல்ல உடம்பு எங்க இருக்கு? ரெண்டு முனையிலயும் ஒரு உறிஞ்சு கிண்ணம். பின்னாடியைப் புடிச்சுக்கிட்டு முன்னாடியை நீட்டும். முன்னாடி புடிச்சதும் பின்னாடியை இழுத்துக்கும். எலும்பில்ல, காலில்ல, ஈரப் புல்லுலருந்து உன் முழங்கால் வரைக்கும் ஏறிடும். 2019-ல ஜப்பான்ல தொயோஹாஷின்னு ஒரு பல்கலைக்கழகத்துக்காரங்க இதைப் பார்த்து ஒரு ரோபோ செஞ்சாங்க. பாத்ரூம்ல ஷவருக்குப் போடற வளையிற ஹோஸை உடம்பா வெச்சு, ரெண்டு பக்கமும் உறிஞ்சு கிண்ணம் மாட்டி, செவுத்துல ஏறவிட்டாங்க. ஏறி, செவுத்தோட மறுபக்கத்துக்கும் போயிடுச்சு. உன் பாட்டி கொழுந்து எடுக்கப் போன நாள்லருந்து தெனமும் பார்த்த வித்தை, பேப்பர்ல வர ஜப்பானுக்குப் போய் வர வேண்டியிருந்துச்சு.

அதுக்கும் முன்னாடியே அதோட எச்சிலைத் திருடிட்டாங்க. அட்டை கடிச்சு விழுந்த பிறகும் ரத்தம் நிக்காம வடியும், பார்த்திருக்கில்ல? ஜான் ஹேக்ராஃப்ட்னு ஒருத்தர் 1884-ல மருந்துக்கு வளர்க்கிற அட்டையோட தலையை ஆராய்ஞ்சு, ரத்தத்தை உறைய விடாத ஏதோ ஒண்ணு அதுல இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. ஹிருடின்னு பின்னாடி பேரு வெச்சாங்க. அதோட வாகைப் பார்த்து ஆய்வுக்கூடத்துல செஞ்ச பைவாலிருடின்ங்கிற மருந்தை, நெஞ்சு ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கிறப்ப இன்னைக்கும் ஏத்துறாங்க. கொழும்புல பெரிய ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற தொரமாருக்கு நம்ம மலையில இருக்கிற பூச்சியோட சொந்தக்காரன்தான் காவல். சொன்னா ரெண்டாவது அட்டாக் வந்துடும், சொல்லாத.

இன்னும் கேளு. 2024-ல சுவிட்சர்லாந்துல ஈ.டி.எச். சூரிக்குங்கிற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காரங்க அட்டையைப் பார்த்து ரத்தம் எடுக்கிற ஒரு சின்னக் கிண்ணம் செஞ்சிருக்காங்க. உள்ள பொடிப் பொடி ஊசிங்க. மேல்கையில அமுக்கி ஒட்டவெச்சா தோலைக் குத்தி, உறிஞ்சு விசையால பரிசோதனைக்குத் தேவையான ரத்தத்தைச் சில நிமிஷத்துல எடுத்துடும். ஊசின்னா பயப்படுறவங்களுக்கும், மலேரியா சோதிக்க வசதி குறைஞ்ச இடங்களுக்கும் உதவுமாம். பெரிய டாக்டர்மாரு வந்து சேர நேரமாகுற மலையில இருக்கிறவன் நான். இந்த ஒரு காப்பிக்கு நான் கைதட்டுவேன். ஏன்னா இதைச் செஞ்சவன் அட்டையையும் பார்த்தான், ரத்தம் கொடுக்கப்போற ஆளையும் பார்த்தான்.

ஒண்ணு மட்டும் நம்ம மலைக்கு இன்னும் வந்து சேரல. அட்டை ஏறாம இருக்கிறதுக்கு நம்ம பொம்பளைங்க காலுக்குச் சவுக்காரத்தைத் தடவிக்கிட்டு, இடுப்புல படங்கைக் கட்டிக்கிட்டு மழையில நிக்கிறாங்க. அட்டைகிட்ட இருந்து எடுத்துக்க இவ்வளவு பேரு வந்தாங்க. அட்டைகிட்ட இருந்து காப்பாத்த சவுக்காரம்தான் வந்துச்சு.

இப்ப எச்சரிக்கை. சவுக்கு மரத்துல டொக்கு டொக்குன்னு கொத்துற மரங்கொத்தியைப் பத்தி உன் கூட்டாளி படம் போட்டு வெச்சிருக்கான்னியே, மண்டைக்குள்ள பஞ்சு மாதிரி எலும்பு இருக்கு, அதிர்ச்சியைத் தாங்குது, அதைப் பார்த்து ஹெல்மெட் செய்யலாம்னு? பாவம், நெறையப் பேரு அதே மாதிரி நெனச்சு நெறைய ஹெல்மெட்டை யோசிச்சுட்டாங்க. 2022-ல பெல்ஜியத்துல ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்து வான் வாஸன்பர்க்கும் கூட்டாளிங்களும் வேகமாப் படம் புடிக்கிற கேமராவை வெச்சுப் பார்த்தா, மண்டை எந்த அதிர்ச்சியையும் வாங்கிக்கல. மண்டையும் அலகும் சேர்ந்து ஒரே சுத்தியலா அடிக்குது. யோசிச்சுப் பாரு, சுத்தியலுக்குப் பஞ்சு வெச்சு ஆணி அடிப்பியா? அதிர்ச்சியைத் தாங்கினா மரத்துல ஓட்டை விழுமா? மூளை சின்னதா இருக்கிறதால அதுக்கு ஒண்ணும் ஆகறதில்லையாம். சின்ன மூளைக்கு அப்படி ஒரு வசதி இருக்கு, அதை நான் தோட்டத்து நிர்வாகத்துல பலமுறை கவனிச்சிருக்கேன்.

முள்ளம்பன்றி கதையும் அப்படித்தான். அமெரிக்காவுல 2012-ல அதோட முள்ளைப் பார்த்து, லேசாக் குத்தும், எடுக்கிறதுதான் கஷ்டம், அதனால காயத்தைப் புடிச்சுவெக்க நல்லதுன்னு எழுதினாங்க. சரிதான். ஆனா அங்க இருக்கிற முள்ளம்பன்றிக்குத்தான் முள் நுனியில பின்னோக்கின கொக்கி. நம்ம மலையில இருக்கிறதோட முள்ளு வழுவழு. நீ இங்க பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போய் கொக்கியைத் தேடினா, பூதக்கண்ணாடிதான் தேயும். மிருகத்தோட பேரைப் பார்த்துக் காப்பியடிக்காத, மிருகத்தைப் பாரு.

கடைசியா உனக்கு ஒரு மிருகம் சொல்றேன். ரெண்டு கால், ரெண்டு கை. லூல்கந்துர தோட்டத்துல ஜேம்ஸ் டெய்லர் தொர 1867-ல தேயிலை போட்டப்போ ஸ்டோரே கிடையாது, பங்களா விறாந்தைதான் ஸ்டோர். மேசையில வாடின கொழுந்தைக் கொட்டி, ஆளுங்க மணிக்கட்டுலருந்து முழங்கை வரைக்கும் வெச்சு உருட்டினாங்க. இலையை நசுக்கினா சாறு மேல வந்து காத்துப் படும், அப்பத்தான் நிறமும் வாசமும் பிறக்கும். கிழிச்சுட்டா கெட்டுப்போகும். அந்த அழுத்தத்தைத் தெரிஞ்சு வெச்சிருந்தது முழங்கைதான். பிறகு 1872-ல டெய்லர் உருட்டுற மெஷின் செஞ்சாரு, அதுக்கப்புறம் வேற வேற ஆளுங்க வேற வேற ரோலர் கொண்டாந்தாங்க. நான் ஓட்டின ரோலரும் அந்த வம்சம்தான். பித்தளை மேசை, அதுல மேடு மேடா பட்டை, மேல அமுக்கிக்கிட்டே வட்டம் போடற உருளை. மேசை மேடு விரலு, உருளை முழங்கை. எத்தனையோ ராத்திரி அதுக்குப் பக்கத்துல நின்னு, யாரோட கைடா இதுன்னு யோசிச்சிருக்கேன். மெஷின் மேல கம்பெனி பேரு மட்டும் பொறிச்சிருந்துச்சு.

உருட்டுற கையைக் காப்பியடிச்சாச்சு. கிள்ளுற விரலு இன்னும் பாக்கி. கத்திரி வந்துச்சு, பெட்ரோல் ஊத்தி ஓட்டுற மெஷினும் சில தோட்டத்துல வந்துச்சு. தலைமுடி வெட்டுற மாதிரி மட்டமா வெட்டிப் போட்டுட்டுப் போகுது, குருத்தும் முத்தலும் ஒண்ணாவே விழுது. உன் பாட்டி விரலுக்குக் கண்ணு இல்ல, ஆனா ரெண்டு இலை ஒரு மொட்டு எதுன்னு தொட்டதுமே தெரியும். பேசிக்கிட்டே கிள்ளுவா, உன்னைத் திட்டிக்கிட்டே கிள்ளுவா, விரல் நிக்காது. முதுகுல பாரம், அதைத் தாங்குறது நெத்தியில மாட்டின கயிறு. அந்தக் கழுத்துக்கும் இடுப்புக்கும் எந்த ஊரு பல்கலைக்கழகமாவது ஒரு துருத்திக் கையோ, ஒரு நல்ல வாரோ செஞ்சு கொடுத்திருக்கா? மீன்கொத்திக்கு மூக்கு ஒண்ணுதான். உன் பாட்டிகிட்ட பத்து விரல் இருக்கு, ஆராய்ச்சிக்கு ஆளு இல்ல.

அதனால போனை உள்ள வை. விடியக்காலையில பாட்டிகூட மலைக்குப் போ. நிழல்ல குடை புடிச்சு நிக்காத, கூடையை நீ மாட்டிக்க, ஒரு நாளைக்காவது மாட்டு. அட்டை ஏறினா உப்புப் போடாத, எந்தக் கிண்ணம் மொதல்ல புடிக்குது, எது மொதல்ல விடுதுன்னு பார்த்து எழுது. பாட்டியோட சவுக்காரத்துல கை வெச்சுடாத, தனியா ஒண்ணு வாங்கிட்டுப் போ. கங்காணி என்ன வேலைன்னு கேட்டா ஆராய்ச்சின்னு சொல்லாத, பிரட்டுல சேர்த்துட்டுப் பேரு போட்டுடுவாரு, பிறகு சாயந்தரம் கொழுந்து நிறுத்துத்தான் ஆகணும்.

ரிப்போர்ட்டுல மொத பக்கத்துல நன்றி சொல்ற இடம் ஒண்ணு இருக்குமாமே. புரொபசர் பேரைப் போட்டுட்டு, அடுத்த வரியிலயே பாட்டி பேரை முழுசாப் போடு. அட்டைக்குப் போடறதும் விடறதும் உன் இஷ்டம். என் பேரு வேணாம். கட்டாயம் போட்டுத்தான் ஆகணும்னா அடையாள அட்டையைப் பார்த்து எழுது. சம்பளச் செக்ரோல்ல ஒரு எழுத்து மாத்திப் போட்டாங்கன்னு சேமலாப நிதிக் காசுக்கு நான் செருப்புத் தேய அலைஞ்சது போதும்.